முன்கூட்டிய ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஆண்டவருக்கு நன்றி சொல்வதென்றால் மனசுக்குள் சொன்னால் போதாது, கவரில் எழுதிப் போட வேண்டும். வாசலில் ஒரு மேசைமேல் வெள்ளைக் கவர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே 'ஸ்தோத்திர காணிக்கை' என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே பெயரையும் காரணத்தையும் நாம் எழுத வேண்டும். ஆராதனையின் நடுவில் ஐயர் அவற்றை ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். சபை ஊழியக்காரரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். பெயர் வாசிக்கப்பட்ட குடும்பம் எழுந்து போய்ப் பீடத்துக்கு எதிரே முழங்கால் போடும். ஐயர் ஜெபிப்பார், சபை ஆமென் சொல்லும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் தேனி பஜார்க்காரர்கள் கூடுகிற சபையில் எதுவும் அவ்வளவோடு நிற்குமா? போன வாரம் ஒரு குடும்பம் புது புல்லட்டுக்காக முழங்கால் போட்டால், இந்த வாரம் இன்னொரு குடும்பம் காருக்காகப் போடும். மகனுக்கு விசா, மகளுக்கு மெடிக்கல் சீட்டு, தோட்டத்தில் போர் போட்டதில் தண்ணீர், அல்லிநகரத்து வீட்டில் மாடிமேல் மாடி. எல்லாமே புதுசு. அன்றன்றைக்கு வேண்டிய சாப்பாட்டைத் தாரும் என்று ஞாயிறு தவறாமல் அத்தனை பேரும் சத்தம் போட்டுத்தான் கேட்கிறோம். அது கிடைத்ததே என்று ஒருத்தராவது கவர் எழுதிப் போட்டு நான் கேட்டதில்லை. போட்டால், "பாவம், வேற ஒண்ணும் இல்ல போலருக்கு" என்பார்கள்.

இந்தக் கவரால்தான் எங்கள் வீட்டுக்கு வம்பு வந்தது.

என் பெயர் ஜாய்ஸ். வீட்டுக்காரர் விஜய்ராஜ். கம்பம் ரோட்டில் எங்களுக்கு ஒரு கடை. கயிறு, சாக்கு, தார்ப்பாய், திராட்சைப் பந்தலுக்கு இழுத்துக் கட்டுகிற கம்பி, இதெல்லாம் விற்கிறோம். என் மாமனார் அய்யாத்துரை சைக்கிளில் கயிற்றுக் கட்டு வைத்து ஊர் ஊராகப் போய் விற்று, அதில் மிச்சம் பிடித்துப் போட்ட கடை. இப்போது இவரும் இவர் அண்ணன் வினோத்ராஜும் சேர்ந்து நடத்துகிறார்கள். பில் போடுவது நான். கடை நன்றாகவே நடக்கிறது.

அது ஆனி மாதம். காற்று சபையின் சன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஐயர் இரண்டு பிறந்தநாள் கவர்களை முடித்துவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

"உத்தமபாளையத்தில் புதிய கடை ஆரம்பிக்க ஆண்டவர் கிருபை செய்யப்போகிறதற்காக, விசுவாசத்தோடே முன்கூட்டிய ஸ்தோத்திரம். வினோத்ராஜ் - ஜெபஷீலா, விஜய்ராஜ் - ஜாய்ஸ் குடும்பத்தார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உத்தமபாளையத்தில் கடையா? எங்களுக்கா? பெண்கள் பக்கத்திலிருந்து எட்டி இவரைப் பார்த்தேன். இவர்தான் சபையில் கீபோர்டு வாசிக்கிறவர். முழங்கால் போடுகிற குடும்பங்கள் முன்னால் நடந்து வரும்போது மெல்லிசாக ஒரு கீர்த்தனை ராகத்தை ஓட விடுவார். இப்போதும் ஓட விட்டார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. ஓஹோ, தெரிந்துகொண்டேதான் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று அப்போதே விளங்கிவிட்டது.

முன்கூட்டிய ஸ்தோத்திரம் என்பது எங்களிடம் உள்ள ஒரு வழக்கம். கைக்கு இன்னும் வராத ஒன்றை, வந்துவிட்டதாகவே நம்பி, முதலிலேயே நன்றி சொல்லிவிடுவது. ஆபரேஷனுக்கு முன்னால் சொல்வார்கள், பரீட்சைக்கு முன்னால் சொல்வார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. பெரிய விசுவாசம் இருக்கிறவர்கள் செய்கிற காரியம். ஆனால் வீட்டில் உள்ள மனுஷியை ஒரு வார்த்தை கேட்காமல் நேரே ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிடுவது எந்த விசுவாசத்தில் சேர்த்தி?

என் ஓரகத்தி ஜெபஷீலா அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தார். சபையே பார்க்கிறது. போய் முழங்கால் போட்டேன். இவர் வரவில்லை. கீபோர்டு வாசிக்கிறவர் எழுந்து வர வேண்டியதில்லை என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட சலுகை. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் புதுக் கடையின் போர்டு எங்கள் பெயரோடு கண்முன் வந்தது, நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் போடி ஞாபகம் வந்துவிட்டது.

போடியில் முன்பு ஒரு கிளை போட்டிருந்தோம், ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கு விற்பதற்கென்று. அதை இவர் தலையில் கட்டினார்கள். மகள் இவாஞ்சலின் எழும்புமுன் போவார், அவள் தூங்கிய பிறகு வருவார். வீட்டிலிருந்த கீபோர்டைத் துணி போட்டு மூடி வைத்தோம். சர்க்கரை வந்தது. தட்டில் சோற்றைப் போட்டால் போனைப் பார்த்தபடியே பிசைவார், என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது. கோபம் என்றால் என்னவென்றே அறியாத மனுஷன், பிள்ளை பென்சில் கேட்டதற்குக் கத்தினார். அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கடைசியில் கட்டுப்படி ஆகாமல் கிளையை மூடினோம். அது தோல்வி என்றார் இவர் அண்ணன். எனக்கோ அது என் புருஷன் திரும்பி வந்த நாள். அன்று மத்தியானம் வந்தார், சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கூடத்தில் வெறுந்தரையில் படுத்துத் தூங்கினார். எழுந்து, "ஜாய்ஸ், பசிக்குது" என்றார். பசிக்கிறது என்று அவர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

அந்த மனுஷனை இன்னொரு தடவை தொலைக்க எனக்குத் தெம்பில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். "ஆண்டவர் உங்களப் பெருக்கிட்டாரு", "எப்பம்மா தெறப்பு விழா?" என்று கேட்டார்கள். பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டுக் கதவைச் சாத்தினதும் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"அண்ணன் போன வாரம் கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லல."

"சரின்னு சொன்னீகளா?"

"இல்ல."

"வேண்டாம்னு?"

"அதுவும் சொல்லல."

இந்த மனுஷனுக்கு வாயைப் படைத்தது சோறு தின்ன மட்டும்தானா என்று இருந்தது எனக்கு. ஊரில் எல்லோரிடமும் நன்றாகப் பேசுவார். அண்ணன் முன்னால் மட்டும் 'வேண்டாம்' என்ற சொல் இவருக்கு வராது. மாமனார் சைக்கிளோடு வெளியூர் போன நாட்களில் இவருக்குச் சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது அண்ணன்தான். அந்தப் பிடி இன்னும் விடவில்லை.

"உத்தமபாளையத்துல யாரு போயி உக்காருறது?"

"நான்தான். அண்ணனுக்கு முதுகுவலியில்ல? அம்புட்டுத் தூரம் போக முடியாது."

"ஞாயித்துக்கிழம?"

சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். "வெள்ளிக்கிழம மத்தியானம் அங்கன தொழுகைக்குக் கடைவீதி அடைப்பு. அதனால ஞாயித்துக்கிழம தொறந்துதான் ஆகணும்னு அண்ணன் சொல்றாக."

"அப்ப சபையில கீபோர்டு?"

"யாராச்சும் வாசிப்பாக."

"நாளைக்கே போயி வேண்டாம்னு சொல்லிருங்க."

"எப்பிடி ஜாய்ஸ்? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பண்ணியாச்சு. சபையே ஆமென் சொல்லிருச்சு. இப்பப் பின்வாங்குனா அவர்ட்டயே பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?"

சாக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். என் கோபமெல்லாம் அவர்மேலிருந்து இறங்கி நேரே அண்ணன்மேல் போய் ஏறியது.

மறுநாள் காலையிலேயே கடையில் கூட்டம். கேரளாப் பக்கத்திலிருந்து சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் தார்ப்பாய் நிற்காது. இவர் அண்ணனை நான் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனில் உத்தமபாளையத்துக் கட்டிடக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"பெரியத்தான், பாளையத்துக் கடை எங்களுக்கு வேண்டாம்."

தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்த இவர் அதைப் பாதியில் போட்டுவிட்டுக் குடோனுக்குள் நழுவினார்.

"தம்பி சொல்றானா, நீ சொல்றியா?" என்றார் பெரியத்தான்.

"நான் சொல்றேன்."

"அவன் வேண்டாம்னு சொல்லலையேம்மா."

"சரின்னும் சொல்லலையே."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. எதிரே கிடந்த கயிற்றுச் சுருளைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா வீரபாண்டி, சின்னமனூருன்னு சைக்கிள் மிதிச்ச கதை உனக்குத் தெரியும். அன்னைக்கு அவுக இது போதும்னு உக்காந்திருந்தா நமக்குக் கடை ஏது? எதுத்த கடைக்காரன் சின்னமனூர்ல ஒண்ணு, கம்பத்துல ஒண்ணுன்னு போட்டுட்டான். நம்ம இங்கனயே நின்னா நம்மளத் தாண்டிப் போயிருவான்."

"போகட்டுமே. தாண்டிப் போயி அவன் என்னத்தக் கண்டான்? எந்நேரமும் காரும் போனுமாத் திரியிறான், மூஞ்சியில ஈயாடல. மாமா மிதிச்சாக, ஒத்துக்கிறேன். அவுக சோத்துக்கு மிதிச்சாக. நம்ம எதுக்கு மிதிக்கிறோம்?"

"உனக்கு வெளையாட்டா இருக்கு."

"போடியில என்ன ஆச்சுன்னு பாத்தீகல்ல?"

"அது எடம் சரியில்ல."

"எடம் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க தம்பிதான் நல்லா இல்ல."

அவர் கயிற்றுச் சுருளைத் தட்டுவதை நிறுத்தினார். பிறகு, "சபை நடுவுல ஆண்டவருக்கு நன்றி சொல்லியாச்சும்மா. இனிமே என் கையில இல்ல" என்றார்.

"பிள்ள பெறக்குமுந்தி பேரு வச்சுட்டு, இப்பப் பெத்துக் குடுன்னா எப்பிடிப் பெரியத்தான்?"

கோம்பையிலிருந்து பந்தல் கம்பிக்கு வந்திருந்த ஒச்சாண்டி அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். திராட்சைத் தோட்டக்காரர், எங்களுக்குப் பழைய வாடிக்கை.

"பாளையத்துல கடை வந்தா எனக்குக் கிட்டம் ஆத்தா. நல்ல காரியத்தக் கெடுக்காத" என்றார்.

"நீங்க கம்பி வாங்க வந்தீக, கம்பியப் பாருங்கண்ணே."

ஒச்சாண்டி அண்ணன் பெரியத்தானைப் பார்த்துச் சிரித்தார். "மொதலாளி, இது எங்க ஊரு நாய் மாதிரி. கவ்வுனா விடாது. பாத்துச் சூதானமா இருங்க."

கடையே சிரித்தது. எனக்கு வருத்தமில்லை. காவலுக்குப் பேர்போன கோம்பை நாயைத் தெரிந்தவர்கள் அதை வசவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒச்சாண்டி அண்ணன் கம்பியில் ஒரு சுருளைக்கூடக் குறைக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். சபை வளாகத்திலேயே வீடு. பக்கத்தில் மணிக்கூண்டு பாதி எழும்பி, சாரம் கட்டி நிற்கிறது. அதைக் கட்டுகிற கமிட்டிக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? பெரியத்தான்தான்.

"ஐயா, போட்ட ஸ்தோத்திரத்தத் திருப்பி வாங்க முடியுமா?"

ஐயர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "காணிக்கையையாம்மா?"

"காணிக்கை கெடக்கட்டும்யா. நான் ஸ்தோத்திரத்தக் கேக்குறேன்."

"என் ஊழியத்துல இப்பிடி யாரும் கேட்டதில்ல" என்று நெற்றியைத் தேய்த்தார். "குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கக் கூடாதா? சபைக்குள்ள கொண்டாரணுமா?"

"சபைக்குள்ள கொண்டாந்தது நான் இல்லையே."

"விஜய்ராஜ் என்ன சொல்றாரு?"

"அவுக பயப்படுறாக. நன்றி சொல்லிட்டு மாட்டேன்னா ஆண்டவர் கோவிச்சுக்குவாரோன்னு. நீங்க வேதம் படிச்சவுக, சொல்லுங்க. கோவிச்சுக்குவாரா?"

ஐயரம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். ஐயர் டம்ளரைத் தொடவில்லை.

"அவர் கோவிச்சுக்க மாட்டாரும்மா. அவர்ட்ட யாரும் கடை கேட்டு வாங்கல, நம்மளா நெனச்சுக்கிட்டதுதான். ஆனா மனுஷங்க கோவிச்சுக்குவாக."

"மனுஷங்கள நான் பாத்துக்கிறேன். நான் ஒரு கவர் எழுதிப் போட்டா வாசிப்பீகளா?"

"யாரு போட்டாலும் வாசிக்கிறதுதானே வழக்கம்."

"என்ன எழுதியிருந்தாலும்?"

அவர் சன்னல் வழியாக மணிக்கூண்டைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். "எழுதியிருக்கிறத எழுதியிருக்கிறபடி வாசிப்பேன்" என்றார். நான் என் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கவரோடு உட்கார்ந்தேன். முதலில் எழுதியது பெரியத்தானைக் குத்துகிற மாதிரி வந்துவிட்டது. படித்துப் பார்த்து எனக்கே கூச்சமாகப் போனது. கோபத்தைக் கவரில் போட்டு ஒட்டி ஸ்தோத்திரம் என்று கொடுத்தால் ஆண்டவருக்கு வித்தியாசம் தெரியாதா? கிழித்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

சும்மா இருந்தேன். அடுப்படியில் குக்கர் சத்தம். மதுரையில் நர்சிங் படிக்கிற இவாஞ்சலின் காலையில் போன் பண்ணி, ஆஸ்டல் இட்லியைக் கல் என்று திட்டியது ஞாபகம் வந்தது. கூரை ஒழுகவில்லை. சாயங்காலமானால் இவர் வீட்டில் கீபோர்டு வாசிக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று கேட்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என்ன குழம்பு என்று கேட்டுச் சாப்பிடுகிறார், உப்பு இல்லையென்றால் சொல்கிறார். இதுக்கு மேல என்னப்பா எனக்கு வேணும் என்று கேட்டேன். சண்டை போடுவதற்காக வந்த நன்றி இல்லை அது, நிஜமாகவே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுக் கவரை எடுத்து எழுதினேன்.

பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"என் பேரு இல்லையே?"

"உங்களக் கேக்காம உங்க பேரப் போடுறது உங்க அண்ணன் பழக்கம். என் பழக்கம் இல்ல. நாளைக்கு நான் எந்திரிச்சுப் போவேன். வரணும்னா வாங்க. வராட்டி ஒத்தையா முழங்கால் போடுறேன்."

"அண்ணன் முன்னாடி எப்பிடி ஜாய்ஸ்?"

"ஆண்டவர் முன்னாடிங்க. அண்ணன் அங்கன சும்மா உக்காந்திருக்காக."

கவரை மேசைமேல் வைத்தார். வண்டிச் சாவியை எடுத்தார். பயிற்சிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. பெரியத்தான் வழக்கம்போல முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஐயர் கவர்களை எடுத்தார். ஒரு கல்யாண நாள், ஒரு புது ஸ்கூட்டர், கனடாவுக்குப் போகிற ஒரு பையன். அடுத்ததை எடுத்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். சொன்னபடி, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார்.

"ஜாய்ஸ். இந்த வருஷம் புதுசாக ஒன்றும் வேண்டாம், இருக்கிற ஒரு கடை போதும் என்ற மனதைத் தந்ததற்காக ஸ்தோத்திரம்."

பின்வரிசை வாலிபர்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு. பெரியத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். பீடம் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

கீபோர்டு ஒலிக்க ஆரம்பித்தது. மெல்லிசாக, எல்லாக் குடும்பத்துக்கும் வாசிக்கிற அதே கீர்த்தனை. சரி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நாளைக்கு வீரபாண்டி, சின்னமனூர் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவார். முழங்கால் போட்டேன். பக்கத்தில் காலி இடம். ஆண்டவரே, நான் ஒருத்திதான் வந்திருக்கேன், பாத்துக்கங்க என்று உள்ளுக்குள் சொன்னேன். ஐயர் ஜெபிக்கக் கையை உயர்த்தினார்.

கீபோர்டு பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு என் வலது பக்கத்தில் தொம்மென்று இரண்டு முழங்கால்கள் விழுந்தன. இவர் மூச்சு வாங்கினார், ஏதோ அல்லிநகரத்திலிருந்து ஓடி வந்தவர் மாதிரி.

"ஐயா, அதுல என் பேரு இல்ல. சேத்து வாசிங்க" என்றார்.

மைக் பக்கத்தில் இருந்தது. சபைக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஐயர் கவரை மறுபடியும் எடுத்து முதலிலிருந்து வாசித்தார். "விஜய்ராஜ் - ஜாய்ஸ். இந்த வருஷம் புதுசாக ஒன்றும் வேண்டாம், இருக்கிற ஒரு கடை போதும்..." அவர் குரல் இந்தத் தடவை தெளிவாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் முதல் ஆமென் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. அது ஜெபஷீலா அக்கா குரல். நான் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆசீர்வாதம் சொல்லி முடித்த கையோடு பெரியத்தான் வாசலில்கூட நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்களும் வீட்டுக்கு வந்தோம். இவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தில் வெறுந்தரையில் படுத்தார், உடனே தூங்கிவிட்டார். நான் கறிக்குழம்பை இறக்கி வைக்கிற நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பெரியத்தான் வந்து நின்றார். முகம் கடுகடு என்று இருந்தது.

"எங்க அவன்?"

"தூங்குறாக."

"எழுப்பு."

"எழுப்ப மாட்டேன் பெரியத்தான்."

"என்ன சொன்ன?"

"தூங்குறாக, எழுப்ப மாட்டேன்னேன். உள்ள வாங்க. சாப்புட்டீகளா?"

சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் பட்டினி கிடப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் தம்பியைப் பார்த்து நின்றார். இவர் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடந்தார்.

"சின்னப் பிள்ளையிலயும் இப்பிடித்தான் வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குவான்" என்றார் பெரியத்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "போடியில இருந்தப்ப இப்பிடித் தூங்கி நான் பாக்கல."

"தூங்குனாத்தானே பாக்குறதுக்கு" என்றேன். மேசையில் உட்காரவைத்துத் தட்டை வைத்தேன்.

சாப்பிட ஆரம்பித்தார். நடுவில், "சபையே சிரிச்சுச்சு" என்றார்.

"மொதல்ல சிரிச்சாக. பெறகு யாரும் சிரிக்கல."

"நான் அந்தக் கடையப் போடத்தான் போறேன்."

"தாராளமாப் போடுங்க. நாங்க வந்து ஜெபிக்கிறோம்."

அப்போதுதான் கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஜாய்ஸ், பசிக்குது."

இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். அண்ணனைப் பார்த்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெரியத்தான் நிமிர்ந்தார்.

"ஏலே, பாளையத்துக் கடைய நான் என் பேருல எடுத்துக்கிறேன். ஆளுப் போட்டுப் பாத்துக்கிறேன். நீ ஞாயித்துக்கிழம மட்டும் வந்து கல்லாவுல உக்காரு. ஒரு நாளுதானேடா. அண்ணனுக்காக."

கையில் கரண்டியோடு நின்ற எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். நான் பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டேன். இது அவர் சொல்லவேண்டியது. கதவைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. கதவை விட்டுக் கையை எடுத்தார்.

"வேண்டாம்ணே" என்றார்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணனிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தரையைப் பார்க்காமல், அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பெரியத்தான் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சரி, உக்காரு. சோறு ஆறுது" என்றார்.

நான் இன்னொரு தட்டை எடுத்து வைத்தேன்.